501ஆவது யூனிட்

தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கரண்ட் பில் கட்டுகிறவர்களிடம் ஒரு யூனிட் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கும் சொல்லத் தெரியாது. 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வார்கள்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2022 செப்டம்பருக்கு முந்தைய கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு நிலைக்கட்டணமும் சேர்த்து 1,130 ரூபாய். 501 ஓடினால் 1,786 ரூபாய் 60 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல். 500ஐத் தாண்டிய வீட்டுக்கு 101ஆவது யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும் என்பதுதான் காரணம். 2022இல் கட்டணம் மாறியபோது நிலைக்கட்டணம் போயிற்று, இந்தப் பள்ளமும் ஆழம் குறைந்தது. ஆனால் தூர்ந்துவிடவில்லை. 2024 ஜூலையில் வந்த விகிதப்படி 500க்கு 1,805 ரூபாய், 501க்கு 2,048 ரூபாய்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. வீட்டுக் கணக்கும் என் தலையில்தான். அதனால் இந்தக் கோடுகள் எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தன என்பதைப் பல ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மின்சாரத்தைச் சேமிக்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். உண்மையில் நாங்கள் செய்தது கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது. இரண்டும் ஒன்றல்ல.

கணக்கெடுக்க வருவதற்கு முந்தைய இரண்டு வாரம் எங்கள் வீடு மடம் மாதிரி இருக்கும். துணிகளை இஸ்திரி போடக் கூடாது, ஏசி அறைக்கதவு பூட்டியிருக்கும், எல்லோரும் கூடத்தில் ஒரே மின்விசிறியின் கீழ் பாய் விரித்துப் படுப்போம். கணக்கெடுத்துவிட்டுப் போன அன்று மாலையே குவிந்து கிடக்கும் துணிகள் எல்லாம் இஸ்திரிக்கு வரும். இதில் சேமிப்பு எங்கே இருக்கிறது? அந்தத் துணிகளுக்கான யூனிட் அடுத்த பில்லுக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை, கோட்டைத் தாண்டிய பிறகு நடப்பது. ஏப்ரல், மே மாதங்களில் எப்படியும் 500ஐத் தாண்டிவிடும் என்று தெரிந்துவிட்டால் என் வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் ஒரு விடுதலை வந்துவிடும். "அதுதான் தாண்டிவிட்டதே, இனி என்ன?" என்று பகலிலும் ஏசி ஓடும். 2024 ஜூலை விகிதப்படி 500க்கு மேலே போகிற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய் 40 காசு. 600க்கு மேலே 9 ரூபாய் 45 காசு. யூனிட் மிக விலை உயர்ந்திருக்கும் நேரத்தில்தான் நாங்கள் கையை மிகத் தாராளமாக விட்டோம். கடையில் நான் இப்படிக் கணக்கு எழுதினால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார்.

கோட்டின் மறுமுனையில் எங்கள் எதிர்வீட்டு அப்பத்தா இருக்கிறார். 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அப்பத்தா வீட்டில் ஒரு மின்விசிறி, ஒரு டிவி, இரண்டு விளக்கு. எழுபது, எழுபத்தைந்து யூனிட்டுக்கு மேல் ஓடாது. மீதி யூனிட் சும்மா போகிறதே என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மகனிடம் சொல்லி ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக்கொண்டார். பால் காய்ச்சுவதும் வெந்நீர் போடுவதும் இப்போது அதில்தான். கேஸ் சிலிண்டர் கூடுதலாக ஒரு மாதம் வருகிறது என்று பெருமை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிலிண்டருக்குக் காசு, கரண்டுக்குக் காசில்லை. கணக்குத் தெரிந்த யாரும் அதையே செய்வார்கள். ஆனால் 100 யூனிட்டுக்குள் இருக்கும் ஒரு வீட்டுக்கு ஒரு யூனிட்டைக் குறைப்பதால் ஒரு காசு லாபமும் இல்லை என்பதை அப்பத்தாவின் அடுப்பைப் பார்த்துத்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

எங்கள் மாமனாரும் இந்த விஷயத்தில் சளைத்தவரில்லை. மாடி கட்டியபோதே அதற்குத் தனி மீட்டர் வாங்கி வைத்தார். கீழே ஒரு கார்டு, மேலே ஒரு கார்டு. இரண்டு இணைப்பு என்றால் இரண்டு இலவசம், இரண்டு 500. குடும்பம் ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். 2022 கட்டண மாற்றத்தோடு, ஒரே குடும்பம் வைத்திருக்கும் பல இணைப்புகளை ஒன்றாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது 100 யூனிட் போய்விடுமோ என்று தெருவே கலங்கியது. விருப்பப்பட்டவர்கள் இலவசத்தை விட்டுக்கொடுக்கலாம் என்ற வசதியும் வந்தது. எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் பேசிக்கூட நான் கேட்கவில்லை. பிறகு மாடியை வாடகைக்கு விட்டோம், அந்தக் கார்டு குடியிருப்பவர் பொறுப்புக்குப் போயிற்று. ஐந்து பேரின் மொத்தப் பயன்பாடும் கீழ் மீட்டரில் விழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உண்மையான கணக்கு தெரிய ஆரம்பித்தது.

இனி மனப்பான்மைக்கு வருகிறேன். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், விளக்கு விஷயத்தில் கண்டிப்பானவர். யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு யூனிட்டைத் தின்று முடிக்க 111 மணி நேரம் ஆகும். அதே அத்தைதான் மோட்டாரைப் போட்டுவிட்டு வாசலில் பூக்காரம்மாவிடம் பேச உட்கார்ந்துவிடுவார். மேல்நிலைத் தொட்டி நிரம்பி, சுவரோரம் தண்ணீர் ஒழுகி, பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுக்கும்வரை மோட்டார் ஓடும். ஒரு குதிரைசக்தி மோட்டார் 746 வாட். பத்து நிமிடம் வீணாக ஓடினால் அந்தப் பல்பு பகலும் இரவுமாக அரை நாளுக்கு மேல் எரிந்த கணக்கு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைச் செலவென்று நினைக்கிறோம். கிணற்றடியில் உறுமுகிற மோட்டாரும், மூலையில் நிற்கிற பிரிட்ஜும் கணக்கில் வருவதில்லை.

அத்தையை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு மதுரைக்காரர்களுக்கு நினைவிருக்கும். பகலிலும் இரவிலும் மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. அந்தப் பஞ்சம் சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அது கற்றுக்கொடுத்தது அவசரத்தை. கரண்ட் வந்தவுடன் மாவு அரை, மோட்டார் போடு, துணி இஸ்திரி போடு, செல்போனைச் செருகு. இருக்கும்போதே எடுத்துக்கொள் என்ற அந்தப் பழக்கம் மின்வெட்டு போய்ப் பல ஆண்டாகியும் அத்தையின் கையை விட்டுப் போகவில்லை. தொட்டி முக்கால் இருந்தாலும் மோட்டாரைப் போடுவார். தொட்டி நிரம்பினால் கத்துகிற ஒரு சின்ன அலாரத்தைச் சில நூறு ரூபாயில் மாட்டினோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லை. புத்தி சொல்லி மாற்ற முடியாத பழக்கத்தை ஒரு பொருள் மாற்றிவிடும் என்றால் பொருளையே வாங்கிவிடுங்கள். வீட்டில் சண்டையும் மிச்சம்.

நாங்கள் உருப்படியாகச் செய்த முதல் காரியத்துக்குச் செலவே இல்லை. சமையலறையில் தொங்கும் மாத நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மீட்டர் ரீடிங்கை எழுதத் தொடங்கினேன். 500க்குள் நிற்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 58 யூனிட். 400 என்றால் 46. இதைத் தெரிந்துகொண்டால் கடைசி இரண்டு வாரத் தவம் தேவையில்லை; மூன்றாவது வாரமே எங்கே போகிறோம் என்று தெரிந்துவிடும். கணக்கெடுத்த தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை எழுதுவது போதும். தினமும் எழுத உட்கார்ந்தால் அது நோயாகிவிடும், பத்து நாளில் சலித்தும்விடும்.

இரண்டாவது காரியம் கொஞ்சம் சுவாரசியமானது. இப்போதிருக்கும் மின்னணு மீட்டர்களில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. அப்படியென்றால் ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் எத்தனை வினாடி என்று எண்ணி, 1125ஐ அதனால் வகுத்தால் அந்த நேரத்தில் வீட்டில் ஓடுகிற வாட் கிடைத்துவிடும். 1600 என்று போட்டிருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும். பதினைந்து வினாடிக்கு ஒரு மின்னல் என்றால் 75 வாட். அதாவது ஒரு பழைய மின்விசிறி.

ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மகள் செல்போனில் நேரம் பார்க்க, நான் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றேன். எதுவும் ஓடாத வீட்டில் விளக்கு மின்னக் கூடாது. எங்கள் வீட்டில் முப்பது வினாடிக்கொருமுறை மின்னியது. ஏறக்குறைய 37 வாட் யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கினோம். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் அதன் செட்டாப் பாக்ஸ் தூங்குவதில்லை. அதை எடுத்தவுடன் இடைவெளி நாற்பத்து மூன்று வினாடிக்குப் போயிற்று. மீதி முழுவதும் 2012இல் வாங்கிய இன்வெர்ட்டர். பேட்டரி முழுதாக நிறைந்த பிறகும் அது உறிஞ்சிக்கொண்டே இருந்தது. 26 வாட்டுக்குச் சற்றுக் கூட, நாள் முழுவதும், இரண்டு மாதமும் என்றால் 38 யூனிட். செட்டாப் பாக்ஸும் சேர்த்து ஐம்பதைத் தாண்டிவிட்டது. 500க்குக் கீழா மேலா என்று எங்களுக்கு இருந்த தகராறே அந்த ஐம்பதுதான்.

செட்டாப் பாக்ஸை இரவில் சுவிட்சிலேயே அணைக்கிறோம். இன்வெர்ட்டரை அப்படி அணைத்து வைக்காதீர்கள், பேட்டரி கெட்டுவிடும். எங்களுடையதைப் பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் சீக்கிரமாக வற்றுகிறதா என்றுதான் முதலில் கேட்டார். வற்றியது. பேட்டரிக்கு ஆயுள் முடிந்துவிட்டது, அதனால்தான் ஓயாமல் சார்ஜ் கேட்கிறது என்றார். மின்வெட்டு அநேகமாக இல்லாத இந்தக் காலத்தில் எங்களுக்கு அது தேவையுமில்லை என்று பழைய பொருள் விலைக்குப் போட்டுவிட்டோம்.

அடுத்தது மின்விசிறி. மதுரை வீட்டில் மின்விசிறி ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுவது சாதாரணம். பழையது 75 வாட், பிஎல்டிசி எனப்படும் புதிய வகை 30 வாட் அளவில். ஒரு மின்விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். விலை மூவாயிரம் ரூபாய் வாக்கில். இதில்தான் அரசாங்கம் போட்ட கோடுகளின் விளையாட்டைப் பார்க்க வேண்டும். 500க்கு மேலே ஓடுகிற வீட்டில் அந்த 40 யூனிட்டின் மதிப்பு 336 ரூபாய். 200க்கு மேல், 400க்குள் இருக்கும் வீட்டில் 188 ரூபாய். அப்பத்தா வீட்டில் பூஜ்யம். அதே மின்விசிறி, அதே காற்று. அப்பத்தாவிடம் போய் இதை வாங்குங்கள் என்று சொன்னால் அவர் என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். வசதியுள்ள வீட்டில்தான் சிக்கனம் சீக்கிரம் காசாகிறது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எந்த அறையில் அதிக நேரம் ஓடுகிறதோ அதை முதலில். எங்களுக்குக் கூடம், பிறகு அத்தையின் அறை. விருந்தாளி அறையில் இன்னும் பழையதுதான் சுற்றுகிறது, அது அப்படியே இருக்கட்டும்.

அத்தையின் அறை என்றவுடன் மகனின் கதை நினைவுக்கு வருகிறது. கல்லூரியில் படிக்கிறான். கரண்ட் பில்லைக் கட்டுவது அவனில்லை, ஏசி ரிமோட் மட்டும் அவன் கையில். அறிவுரை எடுபடாமல் போகவே ஒரு ஒப்பந்தம் போட்டேன். பில் 450 யூனிட்டுக்குக் கீழே வந்தால், குறைகிற பணத்தில் பாதி அவனுக்கு. அரசாங்கம் செய்வதை நான் வீட்டுக்குள் செய்து பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் மாறித்தான் போனான். குளியலறை விளக்கு முதல் மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் காவல் நின்றான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் அவனே ரீடிங் எழுதினான். இப்படியே போனால் நல்லதுதான் என்று நினைத்திருந்தபோது, அத்தை இரவில் வியர்த்து எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். "பேரன் வந்து ஃபேனை ரெண்டில் வைத்துவிட்டுப் போகிறான், நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றார். சொல்லாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. பேரனுக்குப் பாதிப் பணம் வரும் என்று அவருக்கும் தெரியும்.

மறுநாளே விதியை மாற்றினேன். அத்தை அறை மின்விசிறியும் அவர் வெந்நீரும் கணக்கில் சேராது. அதைத் தொட்டால் ஒப்பந்தம் ரத்து. மதுரை மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் வயதானவர்களிடம் சிக்கனம் பிடிப்பது சிக்கனமே இல்லை. பரிசு வைத்தால் பிள்ளைகள் சுலபமான இடத்தில்தான் கை வைப்பார்கள். எதைத் தொடக் கூடாது என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. ஒப்பந்தம் இரண்டு மூன்று பில்லுக்கு நன்றாக ஓடியது. பிறகு அவனுக்குச் சலித்துவிட்டது, பாதி போதாது முழுதும் வேண்டும் என்று பேரம் தொடங்கினான். பரிசு நின்றவுடன் குளியலறை விளக்கு மறுபடி எரிந்தது. ஞாயிறு ரீடிங் எழுதுவது மட்டும் ஏனோ அவனிடம் ஒட்டிக்கொண்டது.

ஏசி விஷயத்தில் இன்னொன்று கவனித்தேன். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 24 டிகிரியில் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதி. எங்கள் ஏசி அதற்குப் பிறகு வாங்கியது. போட்டவுடன் 24இல் நின்றது, நாங்களும் பல நாள் அப்படியே விட்டுவிட்டோம். யாரும் முணுமுணுக்கவில்லை. 2025 ஜூனில், ஏசியை 20 டிகிரிக்குக் கீழே வைக்க முடியாதபடி செய்யப் போவதாக ஒன்றிய மின்துறை அமைச்சர் சொன்ன செய்தி வந்தது. அன்றைக்கு மகனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "என் அறைக்குள் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று 18இல் வைத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடிப் படுத்தான். ஏற்கெனவே அவன் அறைக்குள் வந்து 24 என்று வைத்துவிட்டுப் போனதும் அதே அரசாங்கம்தான். சத்தமில்லாமல் வந்ததை ஏற்றுக்கொண்டான், உத்தரவு என்றவுடன் முறைத்துக்கொண்டான்.

18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. குளிரவைப்பதை நிறுத்தாமல் நெடுநேரம் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் அளவுக்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26இல் வைத்து மின்விசிறியைச் சின்னதாகச் சுற்றவிட்டால் எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. ஏசி, பிரிட்ஜ் வாங்கப் போகும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அந்த முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண்ணும், எந்த ஆண்டின் முத்திரை என்பதும் இருக்கும். அளவுகோலை அவ்வப்போது இறுக்குவதால் பழைய ஐந்து நட்சத்திரம் புதிய ஐந்து நட்சத்திரமல்ல. ஏசிக்கு அந்த எண் ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது; உங்கள் வீட்டில் பாதி நேரம்தான் ஓடும் என்றால் மிச்சமும் பாதிதான். இரவில் நாலு மணி நேரம், அதுவும் கோடையில் மட்டும் ஓடும் ஏசிக்கு ஐந்து நட்சத்திரத்துக்கான கூடுதல் விலை திரும்பி வருவதற்குள் ஏசியே கிழவனாகிவிடும். நாள் முழுக்க ஓடும் பிரிட்ஜுக்குத்தான் அந்தக் காசைப் போட வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களின் பாடு தனி. சென்னையில் இருக்கும் என் தங்கை வீட்டில் சப் மீட்டர், அதாவது வீட்டு உரிமையாளரின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த உள் மீட்டர். உரிமையாளர் யூனிட்டுக்கு ஒரே விலையாக ஒன்பது ரூபாய் வாங்குகிறார். இலவச 100ம் இல்லை, 500 என்ற கோடும் இல்லை. ஒவ்வொரு யூனிட்டும் முதல் யூனிட்டிலிருந்தே வலிப்பதால் எங்கள் குடும்பத்திலேயே அதிகச் சிக்கனம் அவள் வீட்டில்தான். அது நியாயமான சிக்கனம் என்று நான் சொல்லமாட்டேன். அரசாங்கம் கொடுக்கிற மானியம் யார் பெயரில் கார்டு இருக்கிறதோ அவரிடம் நின்றுவிட்டது. அவள் வீட்டு மின்விசிறிகள் உரிமையாளருடையவை. மாற்றச் சொன்னால் நன்றாகத்தானே சுற்றுகிறது என்பார், பில் கட்டுவது அவரில்லையே. தங்கையே இரண்டு பிஎல்டிசி வாங்கி மாட்டிவிட்டு, பழையதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறாள். காலி செய்யும்போது பழையதை மாட்டிவிட்டுப் புதியதைக் கழற்றிக்கொண்டு போவாள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. ஒன்பது ரூபாய்க் கணக்கில் ஒரு மின்விசிறி ஒன்றரை வருடத்துக்குள் போட்ட காசை எடுத்துவிடும்.

கோயம்புத்தூரில் நாத்தனார் வீட்டில் கூரையில் சோலார் போட்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம். பணத்தை முதலில் நாம் கட்டிவிட வேண்டும். வேலை முடிந்து, நாம் கொடுக்கும் யூனிட்டையும் எடுக்கும் யூனிட்டையும் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். கரண்ட் போனால் சாதாரண சோலாரும் நின்றுவிடும் என்பதை வாங்கிய பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். கம்பியில் வேலை செய்யும் ஊழியர்மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள். நாத்தனார் மூன்று கிலோவாட் போட்டார். முதல் பில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வந்தவுடன் வீட்டின் நடைமுறையே மாறிவிட்டது. கூடத்துக்கு ஒரு ஏசி வந்தது. "வெயில் சும்மாதானே அடிக்கிறது அண்ணி" என்கிறார். அதுவும் நியாயம்தான், பகலில் ஓடும்வரை. அவர்கள் வீட்டில் ராத்திரியும் ஓடுகிறது.

எங்கள் வீட்டிலும் போடலாம் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இப்போது எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் அளவில் வருகிறது. பில் 1,301 ரூபாய். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் தரும், இரண்டு மாதத்தில் 240. மீதி 180 யூனிட்டுக்கு, இதர கட்டணங்களை விட்டுவிட்டால், 188 ரூபாய். அதாவது முதல் கிலோவாட் 1,113 ரூபாயைக் குறைக்கிறது. இரண்டாவது கிலோவாட் குறைக்க மிஞ்சியிருப்பது அந்த 188தான். மூன்றாவதுக்கு எங்கள் வீட்டில் வேலையே இல்லை. கட்டணப் பட்டியல் ஒன்று போதும் என்கிறது, மானியப் பட்டியல் மூன்று வரை வா என்கிறது.

வீட்டுக்கு வந்த விற்பனையாளர் மூன்றுக்கு மேல்தான் பேசினார். 78,000 ரூபாயை யாராவது விடுவார்களா என்று கேட்டார். ஒன்றுக்கு விலைப்பட்டியல் அனுப்பச் சொன்னேன். ஒரு கிலோவாட் யாரும் போடுவதில்லை அம்மா, தாங்கியும் இன்வெர்ட்டரும் வேலைக்கூலியும் சேர்த்தால் கிலோவாட் கணக்கில் உங்களுக்குத்தான் விலை கூடும் என்றார். கூடட்டும், எழுதிக் கொடுங்கள், நான் வகுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மூன்றுக்கான பட்டியல் மறுநாள் காலையிலேயே செல்போனுக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கானது இன்னும் வரவில்லை.